‘யா’ என்றால் ஆச்சு

ஸ்பானிய மொழியில் எனக்கு முதலில் வசப்பட்ட சொல் ‘யா’. ஓரெழுத்துச் சொல். ‘இப்போது’ என்றும் பொருள், ‘போதும்’ என்றும் பொருள், ‘முடிந்தது’ என்றும் பொருள். நம் வீடுகளில் அடுப்படியிலிருந்து “ஆச்சு” என்று ஒரு குரல் வருமே, அதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

2011 ஜனவரி. மெக்சிகோவின் புவேப்லா நகரம். ஒரு பழைய உணவகத்தின் பின்முற்றத்தில் காலை ஆறு மணிக் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் வாணலியில் பன்றிக்கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கூடை நிறையக் காய்ந்த மிளகாய். எனக்கு முதுகைக் காட்டியபடி, பத்தடி தள்ளி, ஒரு பெண்மணி முறத்தில் பீன்ஸைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மிளகாயைக் கொழுப்பில் விட்டேன். புடைத்தது. நிறம் இளகியது. இன்னும் கொஞ்சம் ஆகட்டுமே என்று நான் நினைத்த அதே நொடியில், திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்: “யா.”

எடுத்துவிட்டேன். அடுத்த கை. மறுபடியும் “யா.” அன்று காலையில் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட அவர் தலை திரும்பவில்லை. கண்ணைப் பீன்ஸுக்குக் கொடுத்துவிட்டு மூக்கால் என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் அந்தச் சமையலறையின் மயோரா. மெக்சிகோவின் பழைய பாணி உணவகங்களில் தலைமைச் சமையல்காரப் பெண்ணுக்கு அதுதான் பெயர். ‘மூத்தவர்’ என்று சொல்லலாம். ஷெஃப் என்பவர் கேட்டரிங் கல்லூரியிலிருந்து தொப்பியோடு வருவார். மயோரா பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து முந்தானைக் கச்சையோடு எழுந்து வருவார். குழம்பு, பீன்ஸ், சோளமாவு, கூடவே சமையலறையில் நடக்கும் சண்டை சச்சரவு எல்லாம் அவர் பொறுப்பு. பத்து வருடத்துக்கு மேல் பழகியும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் மயோரா. அவர் என்னை ‘மிஹோ’ என்பார், ‘என் மகனே’ என்று அர்த்தம். மற்றவர்களுக்கு நான் ‘இந்து’. இந்தியாவிலிருந்து போன யாராக இருந்தாலும் அங்கே ‘இந்து’தான், மதம் கணக்கில் இல்லை. கப்பலில் என்னோடு வேலை பார்த்த கோவாக் கிறிஸ்தவரையும் மெக்சிகோ நண்பர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

கப்பல் என்றது பயணிகள் கப்பல். தூத்துக்குடிக்காரனான நான் ஏழு வருடம் அதன் சமையலறையில் நின்றேன். ஒரு வேளைக்கு மூவாயிரம் தட்டு. எதற்கும் டைமர் இருந்தது. மணி அடித்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அறிவு. அடுத்த அடுப்பில் நின்ற புவேப்லாக்காரர் ஒருவர் ஊரில் நிலைத்துவிட முடிவு செய்தபோது, “நீயும் வா, என் சித்தப்பா மேனேஜராக இருக்கும் கடையில் ஆள் தேவை” என்றார். போனேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. என் தவறுகளும் அங்கேதான் நடந்தன. அவற்றை அந்த வாசல் பலகையில் தொங்கவிட எனக்கு உரிமை கிடையாது.

புவேப்லா 1531இல் ஸ்பானியர்கள் உருவாக்கிய நகரம். வேராக்ரூஸ் துறைமுகத்துக்கும் தலைநகரத்துக்கும் நடுவழியில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. சிவப்புச் செங்கல் ஓடுகளுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக மெருகிட்ட தலவேரா ஓடுகள் பதித்த வீட்டு முகப்புகள் அதன் அடையாளம். 1987இல் யுனெஸ்கோ அந்த நகர மையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கடை இருந்தது அப்படிப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டு வீடு ஒன்றில். குதிரையில் உட்கார்ந்தபடியே நுழையும் உயரத்தில் தெருக்கதவு. அதைத் தாண்டினால் ‘சகுவான்’ எனப்படும் நிழலான நடை. பிறகு கல் தூண்களும் வளைவுகளும் சூழ்ந்த முதல் முற்றம், அங்கேதான் மேசைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் முற்றம். ஒரு காலத்தில் லாயம் இருந்த இடம், இப்போது சமையலறை. குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. நாங்கள் கைத்துணி மாட்டிக்கொண்டோம்.

வந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வீடு ஓர் ஓவியம். அதில் வேலை பார்ப்பவனுக்கு அது ஒரு பிடிவாதக்காரத் தாத்தா. சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம். நினைத்த இடத்தில் துளை போட்டுப் புகைபோக்கி வைக்க முடியாது. வரலாற்றுச் சின்னங்களுக்கான 1972ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மிளகாய் வறுத்தால் எழும் நெடி வெளியேற வழி வானம் ஒன்றுதான். அதனால்தான் அந்த வேலையைக் கதவு திறக்கும் முன்பே, காலை ஆறு மணிக்கு, திறந்த முற்றத்தில் வைத்துக்கொண்டோம். உயரமான ஊர் என்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பினால் பீன்ஸ் வேகாது. அடுப்பிலிருந்து தெருப்பக்கக் கூடத்துக்கு எழுபத்திரண்டு அடி. நடந்து எண்ணியிருக்கிறேன். அத்தனை தூரம் போவதற்குள் குழம்பின் மேல் ஆடை கட்டிவிடும். அதனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அடுப்பு வைத்து, தட்டில் கறியை அடுக்கிய பிறகு அங்கேதான் குழம்பை ஊற்றுவோம். வாடிக்கையாளருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. மேசையைக் கடக்கும் முன்பின் தெரியாதவர்கள்கூட “ப்ரோவேச்சோ” என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். அந்தச் சொல் அவர்களுக்கு. ‘யா’ எங்களுக்கு.

அந்த வீட்டின் உயிர் மோலே. நஹுவாட்ல் மொழியில் ‘மோல்லி’ என்றால் குழம்பு. பத்துப் பதினைந்து வகை இருந்தாலும் புவேப்லாவின் மோலே, கறுப்பும் சிவப்பும் கலந்த, வான்கோழிக் கறி மேல் ஊற்றும் அந்தக் கெட்டிக் குழம்புதான். முலாத்தோ, ஆஞ்சோ, பசீயா என்ற மூன்று காய்ந்த மிளகாய்கள் அதன் தூண்கள். கொஞ்சம் சிபோட்லேயும் சேரும். அங்கே மிளகாய்க்குப் பச்சையில் ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். போப்லானோ பழுத்துக் காய்ந்தால் ஆஞ்சோ. சிலாக்கா காய்ந்தால் பசீயா. ஹாலபேன்யோ புகையில் காய்ந்தால் சிபோட்லே. நெல், அரிசி, சோறு என்று பெயர் மாற்றிச் சொல்லும் நமக்கு இது எளிதில் புரியும்: பெயர் மாறினால் வேலையும் மாறிவிட்டது என்று அர்த்தம்.

பாதாம், நிலக்கடலை, எள், உலர்திராட்சை, நேந்திரன் போன்ற பெரிய வாழை, பழைய ரொட்டி, சோள ரொட்டி, தக்காளி, வெங்காயம், பூண்டு, கிராம்பு, மிளகு, சோம்பு, பட்டை, கடைசியில் சாக்லேட். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் கதை முடிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதன் பதத்தில் எடுக்க வேண்டும். திராட்சை உருண்டு பலூன்போலப் புடைத்தால் யா. எள் பொரியும் சத்தம் அடங்கத் தொடங்கினால் யா. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் கசக்கும். வாழையின் ஓரம் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தால் யா. மிளகாய்க்கு மட்டும் கண்ணில் தெரியும் அடையாளம் கிடையாது. சில நொடிதான் கணக்கு. உலர்ந்த பழத்தின் வாசம் ஒன்று கிளம்பும், புகையிலை வாசம் அதைத் துரத்திக்கொண்டு வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எடுத்துவிட வேண்டும்.

பட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெக்சிகோவில் ‘கனேலா’ என்றால் இலங்கைப் பட்டை. அந்தப் பட்டையை உலகிலேயே அதிகம் வாங்கும் நாடும் அதுதான். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் கெட்டிப் பட்டை போல இல்லாமல், சுருட்டைப் போலப் பல சுற்றாக, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். எங்கள் கடற்கரைக்கு எதிர்க்கரையில் விளையும் பொருளை நான் முதன்முதலாக நொறுக்கிப் பார்த்தது பூமியின் மறுபக்கத்தில்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2012 அக்டோபர். மறுநாள் எண்பது பேருக்குக் கல்யாண விருந்து. மயோரா ஒரு துக்கத்துக்காகச் சொந்த கிராமத்துக்குப் போயிருந்தார். இருபது மாதம் பக்கத்தில் நின்ற தைரியத்தில், நானே மிளகாயைக் கொழுப்பில் விட்டு எடுத்தேன். கடைசி இரண்டு கை மட்டும் இன்னும் அழகான கறுப்பு வரட்டும் என்று ஐந்தாறு நொடி கூட விட்டேன். நிறம் பிரமாதமாக வந்தது, அதுதான் ஆபத்து. பக்கத்துத் தெரு மொலினோவில் கொடுத்து அரைத்து வந்தேன். மாவரைக்கும் மில்தான், ஆனால் வாளி வாளியாக மோலே சாமான் வரும் மில். வாய் வைத்துப் பார்த்தேன், காரத்தில் ஒன்றும் தெரியவில்லை. வான்கோழி வேகவைத்த சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் அடிநாக்கில் கசப்பு தலைகாட்டியது. வெல்லம் போட்டேன். சாக்லேட் போட்டேன். மறுபடி வெல்லம்.

இரவு ஒன்பது மணிக்கு மயோரா வந்தார். கரண்டியின் நுனியை நாக்கில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“கரிக்கு மேலே சர்க்கரை போட்டா இனிப்புக் கரிதான் கிடைக்கும், மிஹோ.”

சால்வையைக் கழற்றி வளையத்தில் மாட்டினார். மொலினோ மூடியாயிற்று. மூலையில் கிடந்த மெத்தாத்தேயை இழுத்துப் போட்டார். எரிமலைக் கல்லில் செதுக்கிய, மூன்று கால் வைத்த அம்மி அது. குழவிக்குப் பெயர் மெட்லாபில். மூன்று கிலோ மிளகாயை மறுபடி ஆய்ந்து, மறுபடி வறுத்து, மறுபடி ஊறவைத்து, இருவரும் மாறி மாறி அரைத்தோம். பாட்டி வீட்டில் அம்மி அரைத்தவன் என்று பெருமையோடு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. மெத்தாத்தே நம் அம்மியைப்போலச் சமமாக இருக்காது, நம்மிடமிருந்து முன்னால் சரிந்திருக்கும். மண்டியிட்டு, உடம்பின் கனத்தை இறக்கித் தள்ள வேண்டும். அம்மிக்குத் தோள் என்றால் மெத்தாத்தேக்கு இடுப்பு. மழமழப்பாகிவிட்டால் அதையும் நம்மூரைப் போலவே கொத்தித்தான் ஆக வேண்டும். நல்லவேளை, அந்த வாரம்தான் கொத்தியிருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு என் முழங்கால் தோல் உரிந்திருந்தது. சாக்லேட்டின் கடைசி உருண்டையை நான் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்க, அவர் என் தோளில் கை வைத்தார். “யா.” அது குழம்புக்குச் சொன்னதல்ல.

விருந்து நன்றாக நடந்தது. என் சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் மிளகாய் வாணலிப் பக்கம் என்னை நிற்கவிடவும் இல்லை.

பழைய உணவகங்களில் சோற்றோடு கதையும் பரிமாற வேண்டும், வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். தலைநகரில் தாகூபா தெருவிலிருக்கும் ‘கஃபே தே தாகூபா’வுக்கு ஒருமுறை போனேன். 1912 முதல் நடக்கும் இடம். வேராக்ரூஸ் மாநில ஆளுநராகத் தேர்வான மான்லியோ ஃபாபியோ அல்தமிரானோ 1936இல் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். என்சிலாதா சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரர் எனக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான். எங்கள் வீட்டில் யாரும் சுடப்படவில்லை. அதனால் முதலாளி ஒரு கதையைப் பட்டியல் அட்டையின் பின்பக்கம் அச்சடிக்க விரும்பினார்: மோலே பிறந்த கதை.

புவேப்லாவில் அது எல்லோருக்கும் மனப்பாடம். பதினேழாம் நூற்றாண்டில் சாந்தா ரோசா கன்னியர் மடத்துக்குப் பெரிய மனிதர் ஒருவர் விருந்துக்கு வருகிறார். சகோதரி அந்திரேயா தே லா அசுன்சியோன் என்ற கன்னிகாஸ்திரீ மடத்தில் இருந்ததையெல்லாம் அரைத்து மோலேயைப் படைக்கிறார். சுவரும் கூரையும் தலவேரா ஓடு பதித்த அந்த மடத்துச் சமையலறையை இன்றும் பார்க்கலாம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அந்த மடம் தோன்றுவதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டில், சாகூன் என்ற துறவி இந்த மண்ணின் மக்கள் மிளகாய் அரைத்துச் செய்த பலவகைக் குழம்புகளை எழுதி வைத்துவிட்டார். மிளகாய், தக்காளி, கொக்கோ, வான்கோழி எல்லாம் இந்த மண்ணுக்குரியவை. எள்ளும் பாதாமும் பட்டையும் கிராம்பும் கப்பலில் வந்தவை. இரண்டும் ஒரு சட்டியில் சேர்ந்தது ஒரே மத்தியானத்தில் நடந்திருக்காது.

முதலாளி அட்டையை மயோராவுக்கு வாசித்துக் காட்டினார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்தச் சகோதரிக்கு அரைச்சுக் குடுத்தது யாரு?”

மடங்களில் வேலைக்காரிகள் இருந்தார்கள். பூர்வகுடிப் பெண்களும் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். பெயர்கள்தான் இல்லை. ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. மொகலாயர் ஆண்ட பகுதியில் பிறந்து, போர்த்துக்கீசியக் கடற்கொள்ளையர்களால் பிடிக்கப்பட்டு, கொச்சியில் திருமுழுக்குப் பெற்று, மணிலா வழியாக அடிமையாகப் புவேப்லாவுக்குக் கொண்டுவரப்பட்ட பெண். மீர்ரா என்ற பெயர் கத்தரீனா தே சான் ஹுவான் ஆயிற்று. பக்தியால் ஊரே மதிக்கும் நிலைக்கு உயர்ந்து 1688இல் இறந்தார். ஆசியாவிலிருந்து வந்த யாரையும் ‘சீனர்’ என்று அழைத்த காலம் அது. ‘சீனா போப்லானா’, புவேப்லாவின் சீனப் பெண், என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அவரை அடக்கம் செய்த இயேசு சபைக் கோயில் எங்கள் கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். நான் அந்தக் கதையைச் சொன்னதும் மயோரா சிரித்தார். “அப்போ உனக்கு நானூறு வருஷம் முன்னாலயே உங்க ஊர் ஆள் இங்க பாத்திரம் கழுவியிருக்கா.” அட்டை அச்சானது. கன்னிகாஸ்திரீ கதையின் அடியில் மயோராவின் கேள்வியையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தார்கள். முதலாளி நல்ல மனிதர்.

ஜூலை பிறந்தால் வீட்டின் தாளம் மாறும். ‘சிலே என் நோகாதா’ பருவம். நெருப்பில் சுட்டுத் தோலுரித்த பச்சை போப்லானோ மிளகாய்க்குள் கறியும் ஆப்பிளும் பேரிக்காயும் பீச்சும் அடைத்து, முட்டை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே வெள்ளை வால்நட் குழம்பு ஊற்றி, மாதுளை முத்தும் பார்ஸ்லி இலையும் தூவுவார்கள். பச்சை, வெள்ளை, சிவப்பு: மெக்சிகோ கொடியின் நிறங்கள். 1821 ஆகஸ்ட் 28, புனித அகுஸ்தீன் திருநாளன்று, சுதந்திரத்தை உறுதி செய்துவிட்டு வந்த அகுஸ்தீன் தே இத்தூர்பிதேக்காகச் சாந்தா மோனிக்கா மடத்துக் கன்னியர்கள் படைத்தது என்பது கதை. இங்கேயும் கன்னியர்கள்தான்; இந்தத் தடவை மயோரா எதுவும் கேட்கவில்லை, வெறுமனே என்னைப் பார்த்தார்.

‘நோகாதா’ என்ற பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நோகும். நன்றாகவே நோகும். போப்போகாத்தேபெட்ல் எரிமலையடியில் கால்பான் பக்கத்திலிருந்து வரும் புது வால்நட்டை உடைத்து, ஊறவைத்து, பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை நகத்தால் உரிக்க வேண்டும். கொஞ்சம் விட்டுவிட்டாலும் குழம்பு கறுத்துக் கசக்கும். முதல் முற்றத்து மேசையைச் சுற்றி எட்டுப் பேர், ஊர்வம்பு பேசியபடி, மணிக்கணக்கில் உரிப்போம். பழைய செய்முறையில் பிஸ்னாகா என்ற கள்ளியைச் சர்க்கரைப் பாகில் போட்ட ‘அசித்ரோன்’ இருக்கும். அந்தக் கள்ளி அழியும் நிலைக்கு வந்து பாதுகாக்கப்பட்டதாகிவிட்டதால் பூசணிக்காய்ப் பாகு போட்டோம். ருசி குறைந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை. தலைநகரில் 1860 முதல் நடக்கும் ‘ஒஸ்தெரீயா தே சாந்தோ தோமிங்கோ’வில் இந்த உணவு ஆண்டு முழுவதும் கிடைக்கும், ஒரு டிசம்பரில் நானே சாப்பிட்டேன். எங்கள் மயோராவிடம் அதைச் சொன்னேன். “அது அவங்க வீடு” என்றார். எங்கள் வீட்டில் செப்டம்பர் கடைசி நாள் இரவு, மீதி வால்நட்டை வேலைக்காரர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, அட்டையிலிருந்து அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவார். மறுநாள் யார் வந்து கெஞ்சினாலும் கிடையாது. யா என்றால் யா.

2017இல் மட்டும் அது பதினோரு நாள் முன்பே நின்றுபோனது. செப்டம்பர் 19. 1985ஆம் வருடப் பெரும் பூகம்பத்தின் நினைவு நாள் என்பதால் காலை பதினோரு மணிக்கு ஒத்திகை நடந்தது; எல்லோரும் கிண்டல் பேசிக்கொண்டே வெளியே போய் நின்றுவிட்டு வந்தோம். மதியம் 1.14. மெக்சிகோவில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும் என்பதால் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். முதலில் கரண்டிகள் ஒன்றோடொன்று பேசின. அடுத்த நொடி தரை கப்பல் தளமானது. 7.1 அளவு, மையம் எங்கள் மாநிலத்துக்கும் மொரேலோஸுக்கும் எல்லையில். நான் வாணலியையே பார்த்துக்கொண்டு மரமாக நின்றேன். மயோரா கேஸ் வால்வைத் திருகி மூடிவிட்டு, கச்சையைப் பிடித்து என்னை முற்றத்தின் நடுவுக்கு இழுத்தார். மேலே உத்தரங்களிலிருந்து முன்னூறு வருடத் தூசு மழைபோல இறங்கியது. நீல ஓடுகள் சில தெறித்தன. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காயமில்லை. நாட்டில் முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் முற்றத்து வளைவின் உச்சியிலிருந்து மாடிப்படி வரை கை நுழையும் விரிசல்.

இரண்டு மாதம் கடை மூடிக் கிடந்தது. அப்போதுதான் கட்டடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அது என்னைச் சிரமப்படுத்தும் ஒரு சுவர், அவ்வளவுதான். சீக்கிரம் முடியும் என்று சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். பழைய கட்டடங்களில் வேலை பார்த்தே நரைத்த கொத்தனார் ஒருவர் மறுத்தார். சிமென்ட் கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், அடுத்த ஆட்டத்தில் அது நிற்கும், கல் உடையும் என்றார். சுண்ணாம்புதான் சுவரோடு சேர்ந்து அசையும், மூச்சுவிடும். நீற்றிய சுண்ணாம்பில் நொப்பால் சப்பாத்திக்கள்ளியின் வழவழப்பான சாற்றைக் கலந்து குழைத்தார். அதற்கு முன் விரிசலின் குறுக்கே அங்கங்கே சாந்துப் பட்டை வைத்து அதில் தேதி எழுதினார். அதற்குப் பெயர் ‘தெஸ்தீகோ’, சாட்சி. பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள். சாட்சி உடையாமல் இருந்தால்தான் பூச்சு தொடங்கலாம். அவசரப்பட்ட முதலாளியிடம் அவர் தினமும் சொன்ன பதில் “தொதாவீயா நோ”: இன்னும் இல்லை.

மயோரா தினமும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். சமையலறையிலும் சுண்ணாம்பு இல்லாமல் எதுவும் நடக்காது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிட்டால்தான் தோல் கழன்று, மாவு பிசுபிசுத்து, ரொட்டிக்குப் பிடிமானம் வரும். அதுதான் நிக்ஸ்தமால். சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்த வித்தையைக் கொண்டுபோகாத ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெல்லாக்ரா நோய் வந்தது. சுண்ணாம்பு குறைந்தால் தோல் போகாது, கூடினால் ரொட்டி மஞ்சளித்துச் சோப்பு வாடை அடிக்கும். புதிய மண் தோசைக்கல்லிலும் ரொட்டி ஒட்டாமலிருக்கச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். கொத்தனாரின் தொட்டிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு மயோரா தலையாட்டுவார். அவர் கொடுத்த ரொட்டியைப் பிட்டு முகர்ந்துவிட்டுக் கொத்தனார் தலையாட்டுவார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

2020 மார்ச் இறுதியில் கூடத்தை மறுபடி மூடினோம். இந்தத் தடவை நாடே மூடியது. மோலேயைப் பாத்திரத்தில் அடைத்து வாசலில் விற்றோம். அந்த டிசம்பரில் மயோரா காய்ச்சலில் விழுந்தார். ஆறு வாரம். பிப்ரவரியில் திரும்பி வந்தபோது உடம்பு பாதியாக இருந்தது, குரல் பழையபடி இருந்தது. இரண்டாம் நாள் பீன்ஸ் அடிப்பிடித்தது. அவர் சட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் ஓடிப்போய் இறக்கினேன். எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மோலே. காலை ஆறு மணி. வழக்கமாக என்னிடம் விடும் வாணலியை அவரே எடுத்துக்கொண்டார். என்னிடம் பீன்ஸ் முறத்தைத் தந்தார். நான் பத்தடி தள்ளி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை; வெளிச்சம் அந்தப் பக்கம்தான் விழுந்தது. கொழுப்பில் மிளகாய் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு, அத்தனை வருடத்தில் நான் கேட்டிராத விதமாக, அந்தச் சொல் கேள்வியாக வந்தது.

“யா?”

உலர்ந்த பழத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது. புகையிலை வாசம் இன்னும் வரவில்லை.

“தொதாவீயா நோ, மயோரா.”

மூன்று மூச்சு.

“யா.”

அரிகரண்டி வாணலியில் உரசும் சத்தம். அடுத்த கை மிளகாய். மறுபடி கேள்வி, மறுபடி பதில். அன்று நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு மிளகாய்கூடக் கரியவில்லை.

மதியம் கூடத்திலிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது. பீன்ஸில் கல். வாடிக்கையாளருக்குப் பல் தப்பியது தெய்வச் செயல். மயோரா அந்தக் கல்லைத் தட்டிலிருந்து எடுத்து, கச்சையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

“மூக்கு வேலை பாக்கும்போது கண்ணும் வேலை பாக்கணும், மிஹோ.”